பழைய சுழல் துப்பாக்கிகளும் அவற்றைப் பேணுவோரும்



பொருள்களைச் சேகரித்துப் பேணுவது மனிதனுக்கு இயல்பாக அமைந்த குணங்களுள் ஒன்று. பாடசாலைச் சிறுவன் முத்திரைகளைச் சேர்க்கிறான். அவன் தந்தையார் பழைய நாணயங்களைச் சேர்க்கிறார். பாட்டனார் ஏட்டுச் சுவடிகளைப் பேணுகிறார். இவற்றைக் கண்டு எவரும் முகஞ்சுளிப்பதில்லை. ஆயின், ஒருவர் தம் வீட்டுக் கண்ணாடிப் பேழையில் பழைய கைத்துப்பாக்கிகளை வரிசையாக வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டால், நம்முட் பலர் ஒரு கணம் தயங்குவோம். உயிரைப் போக்குவதற்கென்றே செய்யப்பட்ட ஒன்றை அரும்பொருள் என்று போற்றுவது முறைதானா என்ற கேள்வி உள்ளத்தில் எழும். வேட்டோசையைக் கேட்டுத் துயருற்ற தலைமுறைகள் வாழும் நம் நாட்டில் அக்கேள்வி எழாதிருந்தால்தான் வியப்பு.

இங்கிலாந்திலே இத்தகைய சேகரிப்பாளர் பலர் உளர். அவர்களுள்ளும் ஒரு சாரார், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதலாகப் பிரித்தானிய இராணுவத்தார் தாங்கிய சுழல் துப்பாக்கிகளை மட்டுமே நாடுவர். அவர்கள் தேடுவது யாது? அந்த இரும்பில் அவர்கள் படிப்பது யாது? அவர்களுடைய நாட்டுச் சட்டம் அவர்களுக்கு வகுத்த எல்லை யாது? இம்மூன்று கேள்விகளையும் இன்று உங்களுடன் சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

முதலில் சுழல் துப்பாக்கி என்பது என்ன என்று பார்ப்போம். பழைய கைத்துப்பாக்கி ஒருமுறை சுட்டதும் வெறும் இரும்பாகிவிடும். மீண்டும் மருந்தும் ரவையும் இட்டுக் கெட்டிப்பதற்குள் எதிரி நெருங்கிவிடுவான். குழலின் பின்னே ஓர் உருளையை அமைத்து, அவ்வுருளையில் ஐந்து அல்லது ஆறு அறைகளைக் குடைந்து, ஒவ்வோர் அறையிலும் மருந்தும் ரவையும் முன்னதாகவே இட்டு வைத்தால், உருளை சுழலச் சுழல அறைகள் ஒவ்வொன்றாகக் குழலுக்கு நேரே வந்து நிற்கும். இதுவே சுழல் துப்பாக்கியின் தத்துவம்.

1851ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில், ஹைட் பார்க்கிலே, பளிங்கு மாளிகை எனப் பெயர்பெற்ற கண்ணாடி மண்டபத்தில் மாபெரும் கண்காட்சி ஒன்று நடைபெற்றது. அங்கே அமெரிக்கரான சாமுவேல் கோல்ற் தம் சுழல் துப்பாக்கிகளைக் காட்சிக்கு வைத்தார். அதே கண்காட்சியில் இலண்டன் துப்பாக்கித் தொழிலாளரான றொபேட் அடம்ஸ் தாம் செய்ததையும் வைத்தார். இரண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. கேப்பினை அடித்து வெடிக்கச் செய்யும் உறுப்பைக் குதிரை என்பர். கோல்ற்றின் துப்பாக்கியில் ஒவ்வொரு முறையும் பெருவிரலால் குதிரையைப் பின்னே இழுத்து நிறுத்திய பின்னரே விசையை அழுத்தவேண்டும். அடம்ஸ் செய்ததில் விசையை அழுத்தினாலே போதும்; குதிரை தானே எழுந்து தானே விழும். அன்றியும், கோல்ற் தம் துப்பாக்கியின் உறுப்புகளை யந்திரங்களால் ஒரே அளவாகச் செய்வித்தார். அடம்ஸோ குழலையும் உடற்சட்டத்தையும் ஒரே இரும்பில் அடித்து உருவாக்கி, ஏனைய உறுப்புகளைக் கைவினைஞர் அரம்கொண்டு இழைத்துப் பொருத்தும்படி செய்தார். யந்திரத் தொழிலும் கைத்தொழிலும் அன்று நேருக்கு நேர் நின்றன எனலாம்.

கோல்ற் 1853ஆம் ஆண்டில் இலண்டனிலேயே, தேம்ஸ் நதிக்கரையை அடுத்த பிம்லிக்கோவில், ஒரு தொழிற்சாலையை நிறுவினார். நாவலாசிரியர் சார்ல்ஸ் டிக்கின்ஸ் நடத்திய வார இதழ் 1854இல் அதனை வருணித்து ஒரு கட்டுரை வெளியிட்டது. அதே காலத்தில் கிறைமியப் போர் மூண்டிருந்தமையால், பிரித்தானிய அரசாங்கம் கோல்ற்றின் துப்பாக்கிகளை ஆயிரக்கணக்கில் வாங்கியது. ஆனால், போர்முனையிலிருந்து வந்த செய்திகள் அடம்ஸின் பக்கமும் சாய்ந்தன. 1854 நவம்பரில் நடந்த இங்கர்மன் சண்டையில் உருசியப் படைவீரர் தம்மைச் சூழ்ந்துகொண்டபோது, ஒவ்வொரு வேட்டுக்கும் குதிரையை இழுக்க வேண்டியிருந்திருப்பின் தாம் உயிர் பிழைத்திரார் என்று ஓர் அதிகாரி அடம்ஸின் நிறுவனத்துக்கு எழுதினார்.

அடுத்துப் பொறியியற் படையைச் சேர்ந்த லெப்டினன்ற் போமொன்ற் என்பவர், இரு முறைகளையும் ஒரே துப்பாக்கியில் இணைத்தார். அவசரத்தில் விசையை மட்டும் அழுத்திச் சுடலாம். நிதானமாகக் குறிபார்க்க நேரமிருப்பின் குதிரையை இழுத்து நிறுத்தியும் சுடலாம். போமொன்ற்-அடம்ஸ் எனும் அத்துப்பாக்கியை இராணுவம் 1856இல் ஏற்றுக்கொண்டது. கோல்ற்றின் இலண்டன் தொழிற்சாலையும் ஏறக்குறைய அக்காலத்திலேயே மூடப்பட்டது. இத்துப்பாக்கியின் குழலளவை 54 என்று குறிப்பர். அது அங்குலக் கணக்கன்று. ஓர் இறாத்தல் ஈயத்தை 54 சம உருண்டைகளாக வார்த்தால், அவற்றுள் ஒன்று அக்குழலுக்குப் பொருந்தும் என்பதே பொருள். அங்குலத்தில் அது ஏறக்குறைய 0.442 ஆகும்.

பின்னர் மருந்தும் ரவையும் கேப்பும் ஒன்றாக அடங்கிய உலோகத் தோட்டா வழக்குக்கு வந்தது. 1868 முதல் பழைய போமொன்ற்-அடம்ஸ் துப்பாக்கிகள் தோட்டாவை ஏற்குமாறு திருத்தப்பட்டன. றொபேட் அடம்ஸின் சகோதரரான ஜோன் அடம்ஸ் அவ்வேலையில் முன்னின்றார். 1872ஆம் ஆண்டளவில் அவர் பெயர் தாங்கிய மூன்றாம் மாதிரி இராணுவத்தில் வழங்கியது.

இவ்விடத்தில் இலக்கிய அன்பர்களுக்குச் சுவையான ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். கொனன் டொயில் படைத்த ஷேர்லக் ஹோம்ஸ் கதைகளில், தோழரான டாக்டர் வாற்சன் இராணுவத்தில் பணியாற்றியபோது வைத்திருந்த துப்பாக்கியைச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு புறப்படுவார். அது எந்தத் துப்பாக்கி? கதைப்படி வாற்சன் காயமுற்றது ஆப்கானிஸ்தானத்து மைவந்த் சண்டையில். அச்சண்டை நடந்தது 1880 ஜூலையில். புகழ்பெற்ற வெப்லி துப்பாக்கியை இராணுவம் ஏற்றதோ 1887இல். ஆதலின், வாற்சனின் துப்பாக்கி இராணுவ வழக்கிலிருந்ததாயின், அது அடம்ஸாக இருக்கவே பெரிதும் இடமுண்டு. 1879ஆம் ஆண்டுத் தென்னாபிரிக்கச் சண்டையைச் சித்திரிக்கும் 'சூலு' என்ற படம் 1964இல் வெளிவந்தது. அதில் அதிகாரிகளின் கையிலே இருப்பது 1915ஆம் ஆண்டு மாதிரி வெப்லி! சாதாரணமாகப் பார்ப்போர் அதனைக் கவனியார். சேகரிப்பாளர் உடனே கண்டுகொள்வர். சரித்திரம் கற்பிக்கும் ஆசிரியருக்கு இத்தகைய கண் எவ்வளவு வேண்டப்படுவது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அடம்ஸுக்குப் பின் அரசாங்கத்தின் சொந்தத் தொழிற்சாலையாகிய என்பீல்ட் 1880இல் ஒரு சுழல் துப்பாக்கியைச் செய்தது. குழலைக் கீழே மடக்கினால் உருளை முன்னே நகரும். வெந்த தோட்டாக் கூடுகள் பின்னே நின்று உதிரும். எண்ணம் நன்று, செயல் அவ்வளவு நன்றன்று. சில கூடுகள் உதிராமல் உள்ளேயே தங்கிவிடும். ஏழாண்டுகளில் அதன் இடத்தை பேர்மிங்காம் நகரத்து வெப்லி நிறுவனத்தின் துப்பாக்கி பற்றியது. வெப்லியில் ஒரு நெம்பைப் பெருவிரலால் தள்ளிக் குழலை மடக்கினால், நட்சத்திர வடிவான ஒரு தகடு எழும்பி ஆறு கூடுகளையும் ஒருங்கே வெளியேற்றும். அதன் ரவையின் அளவு 0.455 அங்குலம்.

1887இல் முதலாம் மாதிரி. 1915இல் ஆறாம் மாதிரி. இடையில் ஒவ்வொரு மாதிரியும் ஒரு குறையை நீக்கவோ ஒரு வசதியைச் சேர்க்கவோ எழுந்தது. சிறு திருத்தமாயின் மாதிரி எண்ணை மாற்றாமல் அதன் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இடுவர். முதலாம் உலகப் போரிலே அகழிகளில் நின்ற அதிகாரிகளும், யந்திரத் துப்பாக்கி இயக்கியோரும், தாங்கிப் படையினரும் ஆறாம் மாதிரியையே பெரும்பாலும் தாங்கினர். ஏறத்தாழ மூன்று இலட்சம் செய்யப்பட்டன என்பர். போதாமையால் ஸ்பானிய நாட்டிலிருந்தும் அரசாங்கம் சுழல் துப்பாக்கிகளை வாங்கியது. 1932இல் என்பீல்ட் தொழிற்சாலை 0.38 அங்குல அளவில் இலேசான புதிய துப்பாக்கியைச் செய்தபோது, பெரிய வெப்லியின் உத்தியோக வாழ்வு முடிவை நோக்கியது. ஆயினும் இரண்டாம் உலகப் போரிலும் அது முற்றாக மறையவில்லை.

நேயர்களே, இதுவரை கூறியது துப்பாக்கியின் வமிசாவளி. இனி, சேகரிப்பாளர் அதனை எவ்வாறு படிக்கிறார் என்று பார்ப்போம்.

கல்வெட்டு ஆராய்ச்சியாளர் கல்லின் அழகைப் பார்ப்பதில்லை, எழுத்தைப் பார்க்கிறார். அவ்வாறே தேர்ந்த சேகரிப்பாளர் பளபளப்பைப் பார்ப்பதில்லை. இரும்பிற் பொறித்த குறிகளைப் பார்க்கிறார். அகன்ற அம்புக்குறி இருப்பின் அது அரசாங்கச் சொத்து. இரண்டு அம்புக்குறிகள் முனையோடு முனை முட்டி நிற்பின், அரசாங்கம் அதனை விற்றுவிட்டது என்பது பொருள். இலண்டனிலோ பேர்மிங்காமிலோ உள்ள சோதனைச் சாலையின் முத்திரை இருப்பின், கூடிய மருந்திட்டுச் சுட்டுக் குழலின் வலிமை சோதிக்கப்பட்டது என்பது தெளிவு. பேர்மிங்காம் சோதனைச் சாலை 1813ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்டது. தரக்குறைவான துப்பாக்கி வெடித்துச் சுடுபவன் கையையே சிதைத்த கொடுமையைத் தடுக்க எழுந்த ஏற்பாடு இது.

அம்புக்குறி இல்லாத இராணுவத் துப்பாக்கிகளும் உண்டு. அக்காலத்து அதிகாரிகள் தம் கைத்துப்பாக்கியைத் தம் பணத்திலேயே வாங்கினர். அரசாங்கத் தோட்டாவை ஏற்குமாயின் எந்தத் துப்பாக்கியையும் அவர்கள் கொள்ளலாம். ஆகவே, அதில் விற்பனையாளர் பெயரும், சிலவேளை உரிமையாளரின் பெயரோ பெயரெழுத்துகளோ இருக்கும். அப்பெயரை இராணுவப் பதிவேடுகளோடு ஒப்பிட்டு, அவர் எந்தப் படையணியைச் சேர்ந்தவர், எங்கே போரிட்டார், திரும்பி வந்தாரா என்று தேடுவர். இவ்வாறு தேடிச் செல்லும்போது ஒரு துண்டு இரும்பின் பின்னே ஒரு மனித வாழ்வு தெரிகிறது. பல தருணங்களில் அது இருபத்தைந்து வயதைக் காணாத வாழ்வு.

இதனாலேதான், பழைய துப்பாக்கியைத் தேய்த்து மெருகிடுவது சேகரிப்பாளரிடையே பெரும் பிழையாகக் கருதப்படுகிறது. மெருகு ஏறும்போது குறிகள் மங்கும்; குறிகள் மங்கினால் சான்று அழியும். ஏட்டுச் சுவடியைப் புதுமை தோன்றும்படி சுரண்டி எழுதுவாரை நாம் என்னென்போம்? மெல்லிய எண்ணெய் பூசி உலர்ந்த இடத்தில் வைப்பதே போதியது. பழைய தோலுறையினுள்ளே வைத்தலும் தகாது. தோலைப் பதப்படுத்திய பொருள்களும் தோலில் தங்கும் ஈரமும் இரும்பை அரிக்கும்.

வேறொரு சேதமும் உண்டு. பழைய வெப்லிகள் பல பிற்காலத்தில் அமெரிக்காவுக்கு விற்கப்பட்டன. அங்கே அவற்றின் தோட்டா அரிதாகையால், உருளையின் பின்புறத்தைச் சீவி, அமெரிக்கத் தோட்டாவை ஏற்குமாறு செய்தனர். இதனால் சரித்திர மதிப்புக் கெட்டதோடு ஆபத்தும் விளைந்தது. புதிய தோட்டாவின் அமுக்கம் பழைய வெப்லி தாங்கவேண்டிய அளவிலும் மிகுதி. போலிகளும் உண்டு. முதலாம் உலகப் போர்க் காலத்தில் பிறிச்சாட் என்ற கப்டன், வெப்லியின் முனையிற் பொருத்தத்தக்க ஒரு கத்தியை அமைத்தார். பழைய பிரெஞ்சுத் துப்பாக்கிக் கத்திகளின் அலகுகளைக் குறுக்கிச் செய்யப்பட்டவை அவை. மிகச் சிலவே செய்யப்பட்டமையால் விலை ஏறியது. விலை ஏறவே போலிகள் பெருகின.

இனி, நான் தொடக்கத்திற் குறித்த கேள்விக்கு வருகிறேன். ஓர் ஆயுதம் எப்போது ஆயுதமாயிராமல் அரும்பொருளாகிறது?

பிரித்தானியச் சட்டம் இதற்குத் தரும் விடை சிந்திக்கத் தக்கது. 1968ஆம் ஆண்டுச் சுடுகலன் சட்டம், பழமையான துப்பாக்கியை அரும்பொருளாகவோ அலங்காரப் பொருளாகவோ மட்டும் வைத்திருப்போருக்கு விலக்களித்தது. ஆனால் எது பழமை? நடைமுறையில், வயதைக் காட்டிலும் தோட்டாவே பெரிதாகக் கொள்ளப்பட்டது. வழக்கொழிந்த தோட்டாவுக்குரிய துப்பாக்கி, உணவற்ற உயிரைப்போல் ஓய்ந்துவிட்டது என்பது கருத்து. கேப்பும் தளர்மருந்தும் கொள்ளும் போமொன்ற்-அடம்ஸ் போன்றவையும் அவ்விலக்கினுள் அடங்கின. 0.455 வெப்லிக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

1996 மார்ச் 13ஆம் திகதி ஸ்கொத்லாந்திலுள்ள டன்பிளேன் என்னும் சிற்றூரில், ஓர் ஆரம்ப பாடசாலையினுள் ஒருவன் கைத்துப்பாக்கிகளுடன் புகுந்தான். 16 பிள்ளைகளும் அவர்களின் ஆசிரியை ஒருவரும் மாண்டனர். அவன் கையிலிருந்தவை சட்டப்படி அனுமதி பெற்ற துப்பாக்கிகள். பாடசாலையே வாழ்க்கையாகக் கொண்ட என் போன்றோர்க்கு இச்செய்தியை அமைதியாகச் சொல்லுதல் எளிதன்று. அடுத்த ஆண்டில் இயற்றப்பட்ட இரண்டு சட்டங்கள் பிரித்தானியாவில் தனியார் கைத்துப்பாக்கி வைத்திருப்பதைப் பெரும்பாலும் தடைசெய்தன. சரித்திர மதிப்புடையவற்றுக்குக் குறுகிய ஒரு வாயில் மட்டும் திறந்துவிடப்பட்டது. 1919ஆம் ஆண்டுக்கு முன் செய்யப்பட்ட, தோட்டா எளிதிற் கிடைக்காத சிலவற்றை அனுமதியுடன் வீட்டில் வைக்கலாம். வேறு சிலவற்றைக் குறிக்கப்பட்ட பாதுகாப்பிடங்களிலேயே வைக்கவேண்டும். சேகரிப்பாளர் அங்கே சென்று பார்க்கலாம்.

இதனோடு கதை முடியவில்லை. செத்துவிட்டது என்று சட்டம் கருதிய துப்பாக்கிகளுக்குக் குற்றவாளிகள் உயிர் கொடுத்தனர். வழக்கொழிந்த தோட்டாக்களைக் கையாற் செய்து, பழந்துப்பாக்கிகளோடு சேர்த்துக் குற்றக் கும்பல்களுக்கு வழங்கிய ஒரு வணிகர், 2017ஆம் ஆண்டில் 30 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். 2021 மார்ச் 22 முதல் புதிய ஒழுங்குவிதிகள் நடைமுறைக்கு வந்தன. 1939 செப்தெம்பர் முதலாந் திகதிக்கு முன் செய்யப்பட்டவை மட்டுமே பழமையானவை எனக் கொள்ளப்படும் என்று விதிக்கப்பட்டது. ஏழு வகைத் தோட்டாக்கள் விலக்குப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. பிரித்தானியச் சுழல் துப்பாக்கிகளின் பழைய 0.442 தோட்டா அவற்றுள் ஒன்று. அத்தகைய துப்பாக்கியை வைத்திருந்தோர் அனுமதி பெறவோ ஒப்படைக்கவோ ஆறு மாத அவகாசம் அளிக்கப்பட்டது.

நேர்மையான சேகரிப்பாளர்க்கு இது மனவருத்தம் தந்தது. தாம் செய்யாத குற்றத்துக்குத் தம் பேழையிலிருந்து அரும்பொருள் பறிபோவதா என்று அவர்கள் கேட்டனர். அவர்கள் வருத்தத்தை நான் குறைத்து மதிக்கவில்லை. சுட இயலாதவாறு துப்பாக்கியைச் செயலிழக்கச் செய்து சான்றிதழ் பெறும் வழியும் உண்டு. ஆனால், குழலை வெட்டி உறுப்புகளைச் சிதைத்தபின் அந்தப் பழைய ஏடு ஓட்டை விழுந்த ஏடாகிவிடுகிறது. பாதுகாப்பு ஒருபுறம், சரித்திரச் சான்று மறுபுறம். இரண்டும் பெறுமதியுடையவை என்பதே இங்குள்ள இடர்ப்பாடு.

எனினும், சேகரிப்பாளர் தம் வாயாற் சொல்லும் நியாயத்தையே அவர்கள் முன் வைக்க விரும்புகிறேன். துப்பாக்கியைச் சுடுவதற்காக அன்று, படிப்பதற்காகவே பேணுகிறோம் என்கிறார்கள். அங்ஙனமாயின், அது யார் வீட்டுப் பேழையில் இருக்கிறது என்பது இரண்டாவது விடயம். சிதையாமல் இருக்கிறதா என்பதே முதலாவது. என்பீல்ட் தொழிற்சாலையில் மாதிரி அறை என்று ஓர் அறை இருந்தது. அரசாங்கம் ஏற்ற ஒவ்வொரு துப்பாக்கிக்கும் அரக்கு முத்திரையிட்ட ஒரு மூலமாதிரியை அங்கே வைப்பர். ஏனையவை அதற்கு ஒப்பச் செய்யப்படும். 1988இல் தொழிற்சாலை மூடப்பட்டபின் அச்சேகரிப்பு நொற்றிங்காமுக்கும், 2005இல் லீட்ஸ் நகரத்துக்கும் சென்று, அரச ஆயுதக் காட்சிச்சாலையின் பொறுப்பில் ஆராய்ச்சியாளருக்குப் பயன்படுகிறது. அங்கே ஒரு குறியும் மங்கவில்லை. ஒரு பிள்ளைக்கும் அதனால் ஆபத்தில்லை. அறிவைத் தேடுவோர்க்கு இதனினும் நல்ல பேழை வேறு ஏது?

நம் நாட்டிலும் பழைய வளவுகளில், பரண்களில், பெட்டிகளின் அடியில், ஆங்கிலேயர் காலத்துத் துப்பாக்கி ஏதேனும் அகப்படலாம். 1916ஆம் ஆண்டு முதல் இங்கு வழங்கும் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்படி, அனுமதிப்பத்திரமின்றி அத்தகையதை வைத்திருத்தல் குற்றமாகும். எவரேனும் ஒன்றைக் காண நேர்ந்தால், அதனைத் தொட்டு இயக்கிப் பார்க்கவேண்டாம். உள்ளே தோட்டா உண்டா என்பது எண்ணெயும் துருவும் மூடிய இரும்பைப் பார்த்து அறியக்கூடியதன்று. பிள்ளைகளை அகற்றிவிட்டு, பொலிசாருக்கு அறிவித்தலே முறை. அதன் சரித்திரத்தை அறிய விரும்பினால், அதிலுள்ள குறிகளைப் பார்த்து எழுதிக்கொள்ள அவர்களிடமே அனுமதி கேட்கலாம்.

நேயர்களே, ஒரு பழைய வெப்லியின் கைப்பிடியின் அடியில் சிறு வளையம் ஒன்று இருக்கும். ஓடும்போதும் குதிரை ஏறும்போதும் துப்பாக்கி தவறி விழாதிருக்க, அதிற் கயிறு கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்வர். அதனைச் செய்தவர் துப்பாக்கி மனிதனைவிட்டு நீங்கலாகாது என்று எண்ணினார். அதனைப் பேணும் நாம், அது மனிதனைவிட்டு நீங்கி, காட்சிச்சாலையில் ஒரு சரித்திரப் பாடமாக நிலைத்திருக்க வேண்டும் என்று எண்ணுவோமாக.